கேரட் லாரியின் முறை

கோர்ட்டு இறக்கம் என்பது எங்கள் மலையூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்திரப் பதிவு அலுவலகம் வரைக்கும் சரிந்து இறங்கும் தெரு, அதன் மேல்முனையில் ஒரு டீக்கடையும் நடுவில் யூசுப் பாய் வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரியும் கீழ்முனையில் பவளத்தின் ஜெராக்ஸ் கடையும் உண்டு, அந்தத் தெருவில்தான் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்தொன்பது நாள் நீடித்தது. நீடித்ததில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் துணி காயப்போட்டுப் பழகியவர்கள், வானம் என்ன செய்தாலும் அதற்கேற்பக் கயிறு கட்டத் தெரிந்தவர்கள். நடந்ததை அவரவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நானும் இத்தனை நாள் எனக்கு வசதியான விதத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சற்குணம், பத்திரம் எழுதுகிறவன். எந்த நிபந்தனையை எந்த வரியில் நுழைத்தால் எழுதிக் கொடுத்தவன் மாட்டிக்கொள்ளாமல் இருப்பான் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைப் பார்த்துத்தான் பவளம் என்னை விளையாட்டுக்குக் கூப்பிட்டாள். அவளும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம், சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள், இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு நடப்பாள், ஊரில் யாருடைய பிறப்புச் சான்றிதழில் என்ன பிழை என்று மனப்பாடமாகச் சொல்வாள். ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, நகலையும் வாங்காமல் புத்தகத்தையும் வாங்காமல் மலையிறங்கிப் போய்விட்டான். அவள் அதைப் படித்தாள். மேஜையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறிக் கதைக்குள் போகிற விளையாட்டு அது. பவளம், யூசுப் பாய், எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் பெள்ளி மூன்று பேரும் வீரர்கள், கதையை நடத்திச் சட்டம் சொல்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜெராக்ஸ் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தோமானால் இருட்டுகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

அந்த விளையாட்டில் சண்டை வந்துவிட்டால் காலம் சுற்று சுற்றாக உடையும். ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. அந்த ஆறு விநாடிக்குள் மேஜையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும், எதிரே நிற்கிற பூதத்துக்கும்கூட, ஒரு முறை வரும், முறை வந்தவர் முப்பதடி நகரலாம், ஒரு காரியம் செய்யலாம், அவ்வளவுதான். கதைக்குள் எல்லாம் ஆறே விநாடியில் நடந்து முடிந்துவிடும், ஆனால் மேஜையில் நாங்கள் யோசித்து, உருட்டி, வாய்ச்சண்டை போட்டு, வர்க்கி தின்று, அந்த ஆறு விநாடியைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆகும். இன்னொன்றும் உண்டு. முறை வந்தும் நகராமல், இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று நிபந்தனை சொல்லிக் காத்திருக்கலாம். நிபந்தனை நடந்த நொடியில் செய்துவிடலாம், நடக்காவிட்டால் முறை வீண். இதெல்லாம் புத்தகத்தில் உள்ளது. சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்ற சட்டம் மட்டும் புத்தகத்தில் இல்லை, அதைப் போட்டது நான்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போகிற லாரி ஒன்று டீக்கடை வாசலில் நின்றது, டிரைவர் சக்கரத்துக்கு ஒரு கல்லை அணையாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார், கல் நழுவியது. லாரி ஆளில்லாமல் இறங்க ஆரம்பித்தது. தெருவின் கீழே, ஜெராக்ஸ் கடைக்கு முன்னால், காற்றில் பறந்த ஒரு விண்ணப்பத்தை எடுக்க நடுரோட்டுக்கு வந்திருந்தாள் பவளம், அவள் காலடியில் விறகு வெட்டும் தங்கமுத்து மத்தியானமே குடித்துவிட்டு ரோட்டையே பாயாக்கித் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பதினைந்தடி தள்ளிப் பதிவு அலுவலகக் கேட்டில் நின்றேன். யாரோ கத்தினார்கள். அந்தக் கத்தல் முடிவதற்குள் எல்லாம் நின்றுபோயிற்று.

லாரி நின்றது, அதிலிருந்து தெறித்த இரண்டு கேரட் அந்தரத்தில் நின்றன, நாங்கள் நின்றோம், வெயில் நின்றது. வாய் மட்டும் பேசியது, கண் மட்டும் அசைந்தது. ஒவ்வொருவர் மனதிலும் ஒரு எண் இருந்தது, ரேஷன் கடை டோக்கனைப் போல, யாரும் கொடுக்காமலே. ஒன்றாம் எண் டீக்கடை நாய்க்கு, அது எழுந்து உடம்பைச் சொறிந்துவிட்டு மறுபடியும் படுத்து அப்படியே உறைந்தது. இரண்டாம் எண் யூசுப் பாய்க்கு வருவதற்குள் தெருவுக்கு வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குத்தான் முதலில் விளங்கியது, இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னேன், பயப்படாதீர்கள், இது ஒரு சுற்று, ஆறு விநாடி, எல்லோருக்கும் ஒரு முறை வரும் என்று. தெருவில் இருந்தது முப்பத்தாறு பேர், ஒரு நாய். என் எண் முப்பத்தேழு. முப்பத்தெட்டு யாருக்கு என்று கேட்டபோது எல்லோருடைய கண்ணும் லாரி பக்கம் போயிற்று.

நாளொன்றுக்கு இரண்டு முறைகள் வந்தன, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெளியிலிருந்து ஓடி வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் தெருவுக்குள் காலை வைத்ததும் முப்பத்தொன்பதாவது எண்ணோடு அப்படியே நின்றார், அதாவது லாரிக்கு அப்புறம். எறிந்த கொக்கிக் கயிறும் காற்றில் தொங்கிக்கொண்டே நின்றது. அதற்குமேல் யாரும் நுழையக் கூடாதென்று நகராட்சி இரண்டு முனையிலும் கயிறு கட்டியது. உள்ளே யாருக்கும் பசிக்கவில்லை, தாகமில்லை, வெளியே இரவானாலும் தெருவுக்குள் நான்கு மணி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே பக்கத்துத் தெருப் பெண்கள் கயிற்று ஓரமாக முறம் முறமாக வற்றல் காயவைத்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், ஒருவர் தினமும் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டினார். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் முகூர்த்தம் ஏழாம் நாள் வந்து போயிற்று, மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கயிற்றுக்கு வெளியே வந்து நின்று, பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. வழக்கமாக ஒரு விபத்து நடந்தால் என்ன சொல்வோம், கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது, என்ன செய்ய முடியும், நேரமே இல்லை என்போம். இங்கே நேரம் இருந்தது. ஒவ்வொருவரும் தன் ஆறு விநாடியில் என்ன செய்தார் என்பதை முப்பத்தைந்து பேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்தவர் முறை வரும்வரை அரை நாள் அதைப் பற்றியே பேசினார்கள். யூசுப் பாய் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார், பிறகு பத்தொன்பது நாளும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் எண் தங்கமுத்து புரண்டு மறுபக்கம் படுத்தான். டிரைவர் பாய்ந்து ஓடியும் லாரியின் பின்பக்கம்வரைதான் எட்டினார். தலைமை ஆசிரியர் ஒருவர், பெயர் வேண்டாம், தன் மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், அந்த அம்மாள் அதன் பிறகு அவரோடு பேசவேயில்லை. பெள்ளி மேலேயிருந்து முப்பதடி ஓடி வந்தும் பவளத்துக்கும் அவருக்கும் நடுவே இன்னும் முப்பதடி இருந்தது, கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

நான் அந்த நாட்களில் தெருவுக்கே வக்கீலாக இருந்தேன். குதிப்பது நகர்வதில் சேருமா, கத்துவது காரியமா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாதி தூரம்தானா என்று என்னைத்தான் கேட்டார்கள், நான் தீர்ப்புச் சொன்னேன். சொல்லவே கூசுகிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பதினோராம் நாள் காலை பவளத்தின் முறை வந்தது. அவளுடைய காலுக்கு முப்பதடி கிடையாது, பத்தடி, அது போதும், ஊர்ந்தாவது கடைப்படி ஏறிவிடலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவள் குனிந்து, தங்கமுத்துவின் சட்டையைப் பிடித்து, இரண்டு கையாலும் உருட்டி அவனைக் கடைப்படியோரம் தள்ளிவிட்டு, அந்தத் தள்ளலில் தானே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு விநாடி முடிந்தது. ஒரு குடிகாரனுக்காகவா என்று தெருவே அவளைத் திட்டியது. அவள் சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள்.

"அவனுக்கு முறை முடிஞ்சு போச்சுங்க, இனி யாரு வருவாங்க? எனக்கு சற்குணம் இருக்கான்."

முப்பத்தைந்து ஜோடிக் கண்கள் என் பக்கம் வந்தன. நான் சிரித்தேன். அப்புறம் எட்டு நாள் கணக்குப் போட்டேன். பதினைந்தடி ஓடலாம், அவளை இழுத்துக் கடைப்படிப் பக்கம் எறியலாம், காரியம் அதோடு முடிந்துவிடும், அதன்பிறகு நகர எனக்கு விநாடி மிஞ்சாது. என் கால்கள் ரோட்டில் இருக்கும். எப்படிப் போட்டாலும் கணக்கு அங்கேயேதான் வந்து நின்றது. அவளுடைய உயிருக்கு என் கால், அவ்வளவுதான் விலை, அதைக் கேட்டால் தயங்காமல் கொடுப்பேன் என்று நான் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன்.

எங்கள் தெருவின் நடுவே, பவளம் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே, சாக்கடையை மூடிய இரும்புப் பலகை ஒன்று உண்டு. ஆணி கழன்றது, எந்த வண்டி ஏறினாலும் தடதடவென்று சத்தம் போடும், தெருக்காரர்களுக்கு அது கடிகாரம் மாதிரி. பத்தொன்பதாம் நாள் காலை என் முறை வந்தபோது நான் நகரவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி, பத்திரத்தில் எழுதுவதைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"லாரிச் சக்கரம் சாக்கடைப் பலகை மேல ஏறுற சத்தம் கேட்ட உடனே, நான் ஓடிப் போய் பவளத்தை இழுத்துட்டு, அந்த வேகத்துலயே ரெண்டு பேரும் கடைக்குள்ள விழுவோம்."

இப்போதே ஓடினால் என் கால் வெளியே நிற்கும், பலகைச் சத்தத்துக்குக் காத்திருந்தால் ஓட்டத்தின் வேகம் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய்விடும் என்று விளக்கமும் கொடுத்தேன். கை தட்ட முடியாததால் எல்லோரும் வாயால் பாராட்டினார்கள். படிச்ச மூளை என்றார் யூசுப் பாய். கயிற்றுக்கு வெளியே வற்றல் கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூட நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். பவளம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். லாரியின் முன்சக்கரம் நேராக இல்லை. கடைகள் இருக்கிற பக்கமாகக் கொஞ்சம், ஒரு சாண் அளவுக்குக்கூட இல்லை, திரும்பியிருந்தது. நான் நின்ற கேட்டிலிருந்து மூன்றாம் நாளே அதைப் பார்த்துவிட்டேன். அந்தச் சக்கரம் போகிற வழியில் பலகை இல்லை, பலகையின் ஓரத்தை உரசாமலே கடந்து, பவளம் இருந்த இடத்துக்குத்தான் வரும். சத்தம் கேட்காது. தெரிந்துதான் அந்த நிபந்தனையைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நிபந்தனைகளிலேயே ஓட்டையில்லாதது அதுதான்.

மாலையில் லாரியின் முறை வந்தது. சத்தமே இல்லாமல் இறங்கியது. பலகைக்குப் பக்கத்தில் கையகல இடைவெளி விட்டுக் கடந்தது, பவளத்தின் நல்ல காலின் மேல் ஏறியது, ஜெராக்ஸ் கடைச் சுவரில் மோதி நின்றது. அத்துடன் செவ்வாய்க்கிழமை முடிந்தது. நாங்கள் எல்லோரும் ஓடினோம், நானும் ஓடினேன், எல்லோரையும்விட உரக்க அழுதேன். தெரு முழுக்கக் கேரட் கிடந்தது, அன்று பிடுங்கியதைப் போலப் புதிதாக. யாரும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை, மாடுகள் வந்து தின்று தீர்த்தன.

பவளத்தைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, அந்தக் காலை முழங்காலுக்குமேல் எடுத்துவிட்டார்கள். ஊர் என்னைக் குறை சொல்லவில்லை. உங்க கணக்கு சரிதானுங்க, லாரிதான் ஏமாத்திப் போட்டுது என்று தோளைத் தட்டினார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம் நடந்தது. கோர்ட்டு இறக்கத்தில் மட்டும், நேரமில்லை என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் கேட்கிறவர் தலையைக் குனிந்துகொள்வார். மற்றபடி எல்லாம் பழையபடி நடந்தது, என் கால்களைத் தவிர.

என் கால்களுக்கு என்ன ஆயிற்றென்றால், சொன்ன சொல் அவற்றில் தங்கிவிட்டது. பலகை மேல் ஒரு ஆட்டோ ஏறினால் போதும், நான் எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து பதினைந்தடி ஓடி, பவளம் உட்கார்ந்திருந்த இடத்தில் வெறுங்காற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு கடைப்படியில் போய் விழுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. முட்டி தேய்ந்து ரத்தம் வரும். முதல் வாரம் தெரு வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் எனக்கு வழிவிடப் பழகிற்று, மூன்றாம் வாரம் யூசுப் பாய் நான் விழுகிற படியில் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டார். எத்தனை பாசம் பாருங்க, இன்னும் அந்தப் புள்ளைக்காக ஓடறாரு என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு என்னைக் காட்டினார்கள். ஒரு அம்மாள் தன் மகனைக் கூட்டிவந்து, சிநேகிதம்னா இப்படி இருக்கணும் என்றார். நான் சாக்கின் மேல் கிடந்தபடி அதைக் கேட்டேன். பலகைக்கு ஆணி அடித்துவிடலாம் என்று நகராட்சி ஆள் வந்தபோது தெருவே கூடி, வேண்டாம், அது சற்குணத்தின் பலகை என்று திருப்பி அனுப்பிவிட்டது.

ஏழு மாதம் கழித்து, புரட்டாசியில், பவளம் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தாள். நாற்காலியைத் தள்ளி வந்தது தங்கமுத்து. அவன் குடியை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பதில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேர் உட்கார்ந்தோம், அவனும் ஆட வேண்டுமென்று பவளம் சொல்லிவிட்டாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அவனுக்குச் சட்டங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன், ஆறு விநாடி, முப்பதடி, ஒரு காரியம். காத்திருப்பதைப் பற்றி மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

"ஒண்ண விட்டுட்டே," என்றாள் பவளம். பிறகு அவளே தங்கமுத்துவிடம் திரும்பினாள். "முறை வந்தும் நகராம, இது நடந்தா அது செய்வேன்னு சொல்லிட்டுக் காத்திருக்கலாம். ஆனா பாத்துச் சொல்லணும். நடக்காதுன்னு தெரிஞ்சதைச் சொல்லக் கூடாது."

யூசுப் பாய் வாயருகே கொண்டுபோன வர்க்கியைக் கீழே வைத்தார். பெள்ளி என்னைப் பார்த்தார். என் காது சுடுவது எனக்கே தெரிந்தது.

"சக்கரம் திரும்பியிருந்ததை நீயும் பாத்தியா?" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது, அதுவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

"எதுக்க இருந்தவ நான். வேற என்னத்தைப் பாக்க? முதல் நாள்லிருந்தே தெரியும்."

"காலைல நான் சொன்னப்போ ஏன் பேசாம இருந்தே?"

"சொன்ன சொல்ல மாத்தக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே. பேசியிருந்தாலும் என் கால் மிஞ்சியிருக்காது." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ கேட்டுல அசையாம நின்னுட்டிருந்தே. லாரி வர அரை நாள் இருந்துச்சு. நான் சொல்லியிருந்தா அத்தனை பேரும் பாக்க நீ அப்படியே நிக்கணும், மூஞ்சியைத் திருப்பக்கூட முடியாது. அதான் பேசலை."

எனக்கு அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளத் தோன்றியது. பத்தொன்பதாம் நாளின் அந்த அரை நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, நான் பாராட்டுகளைக் கேட்டுக்கொண்டு நின்ற அரை நாள், அவள் தன் காலைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் என் முகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்த அரை நாள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன வெட்கப்பட முடியும் என்று தெரியவில்லை.

அப்போது வெளியே ஏதோ ஒரு வண்டி பலகையில் ஏறித் தடதடத்தது. என் கால்கள் எழுந்தன. மேஜையைச் சுற்றி ஓடினேன், பகடைகள் சிதறின, ஏழு மாதத்தில் முதல் தடவையாக என் கைகளில் காற்றுக்குப் பதில் அவளுடைய கைகள் இருந்தன, முழு பலத்தோடு இழுத்தேன், நாற்காலி சுலபமாக உருண்டு வந்து என் மேல் முட்டியது, நான் படியில் விழுந்தேன். அவள் குனிந்து, என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"சரி, எந்திரி. உன் முறை முடிஞ்சுது," என்றாள். "அடுத்தது யாரு?"

தங்கமுத்து பகடையைப் பொறுக்கி எடுத்தான்.

அன்றிலிருந்து என் கால்கள் ஓடுவதில்லை. தெருக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், யூசுப் பாய் சாக்கை எடுத்து மாவு மூட்டைக்குக் கீழே விரித்துவிட்டார். பலகை இப்போதும் நாளைக்கு முப்பது தடவை சத்தம் போடுகிறது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்கிறேன்.